1967 பிரேவ்ஸ் மறு ஆட்டம்: பாப் யூக்கரின் அட்டையை எங்கே இறக்குவது?

நிஜ ஆட்டக்காரர்களின் அந்த ஆண்டுப் புள்ளிவிவரத்தை அட்டைகளாக்கி, பகடை உருட்டி ஆடும் மேசை பேஸ்பால் ஆட்டத்தில் 1967 அட்லாண்டா பிரேவ்ஸ் சீசனை முழுசாக ஆடிப் பார்க்க உட்கார்ந்தால், ஜூன் மாதம் வந்ததும் ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக யாரை இறக்குவது? ஒரு பக்கம் ஜோ டோரி: .277 சராசரி (பேட் பிடித்ததில் எத்தனை பங்கு ஹிட், அதாவது அடித்துப் பத்திரமாக பேஸை எட்டியது, என்ற கணக்கு), 20 ஹோம் ரன். இன்னொரு பக்கம் பாப் யூக்கர்: .150 சராசரி, 3 ஹோம் ரன். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யோசிக்கவே எதுவும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஆண்டு நேஷனல் லீக்கிலேயே மிகக் குறைந்த ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி, 1.87) வைத்திருந்த பிட்ச்சர் அதே பிரேவ்ஸ் அணியின் ஃபில் நீய்க்ரோ. அவர் வீசியது நக்கிள்பால். எந்தப் பக்கம் திரும்பும் என்று வீசுகிறவருக்கே தெரியாத அந்தப் பந்தைப் பிடிக்கும் வேலை யூக்கரிடம் வந்து சேர்ந்தது.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. டோரியையே எல்லா நாளும் கேட்சராக வைக்கலாம். ஃபில் ஸ்டார்ட் செய்யும், அதாவது முதல் இன்னிங்ஸிலிருந்தே வீசும், ஆட்டங்களுக்கு மட்டும் யூக்கரைக் கொண்டுவரலாம். யூக்கரை வாங்கிய அந்த வியாபாரத்தையே நடக்காததாக்கி, ஜீன் ஆலிவரை அட்லாண்டாவிலேயே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் யூக்கரின் 1967 அட்டையை ஒதுக்கிவிட்டு, கொஞ்சம் நல்ல சீசனின் அட்டையை எடுத்துப் போடலாம். நான் இரண்டாவது வழிக்காரன். அதற்குக் கொடுக்கும் விலை, அட்டையைப் பார்த்து நாம் பயப்படும் அளவுக்கு இல்லவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

யூக்கர் 1934இல் மில்வாக்கியில் பிறந்தவர். சொந்த ஊர் அணியான மில்வாக்கி பிரேவ்ஸுக்காக 1962இல் பெரிய லீக்குக்கு வந்தார். 1964இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றபோது டிம் மெக்கார்வருக்கு மாற்று கேட்சர். அப்புறம் பிலடெல்பியா பிலீஸ். 1966இல் அங்கே .208 அடித்து 7 ஹோம் ரன் எடுத்தார்; வாழ்நாளில் அவர் எடுத்தது மொத்தம் 14, அதில் பாதி அந்த ஒரே ஆண்டில். 1967 ஜூன் 6 அன்று ஜீன் ஆலிவருக்குப் பதிலாக அவரை பிரேவ்ஸ் வாங்கியது. அந்த அணி அதற்குள் மில்வாக்கியை விட்டு அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்திருந்தது. அந்தச் சீசனோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது: 297 ஆட்டம், .200 சராசரி.

அதன் பிறகுதான் அமெரிக்கா முழுக்க அவரைத் தெரிந்துகொண்டது. 1971 முதல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணியின் வானொலிக் குரல், 2003இல் பேஸ்பால் வர்ணனையாளர்களுக்கான ஃபோர்ட் ஃப்ரிக் விருது. 2025 ஜனவரியில் மறையும் வரை அந்த ஊரின் சொத்தாக இருந்தார். தன் பேட்டிங்கைத் தானே கேலி செய்து மக்களைச் சிரிக்க வைத்தவர் என்பதால், அவருடைய அட்டையையும் எல்லாரும் ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். உட்கார்ந்து படிப்பவர் குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பெரிய லீக்கில் ஆறு சீசன் நிலைத்து நின்ற ஒரு கேட்சரின் கடைசி ஆண்டு அது. அவரை ஆட வைத்தவர்களுக்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும்.

சரி, அந்த .150 என்ன என்று பார்ப்போம். இரண்டு அணிகளுக்கும் சேர்த்து 193 முறை பேட் பிடித்து 29 ஹிட். இன்னும் 10 ஹிட் விழுந்திருந்தால் சராசரி .200ஐத் தாண்டியிருக்கும். 1967ஐ விட்டுவிட்டு அவருடைய மற்ற சீசன்களைக் கூட்டினால் 538க்கு 117, அதாவது .217. இவ்வளவு குறைந்த வாய்ப்பில் பத்து ஹிட் என்பது இரண்டு மூன்று வாரத்து அதிர்ஷ்டம். யாரோ நன்றாகப் பாய்ந்து பிடித்திருப்பார்கள், பந்து ஒரு அடி தள்ளி விழுந்திருக்கும். ஆனால் மேசை ஆட்டத்தின் அட்டைக்கு அதெல்லாம் தெரியாது. நடந்ததை நடந்தபடி உறைய வைத்துவிடும்.

அட்டை உண்மையில் எவ்வளவு மோசம்?

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற மேசை ஆட்டத்தை ஹால் ரிச்மன் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. மூன்று பகடைகளை உருட்டுகிறோம். முதல் பகடையில் 1, 2, 3 வந்தால் பேட்டரின் அட்டையைப் படிக்கவேண்டும். 4, 5, 6 வந்தால் பிட்ச்சரின் அட்டையை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். ஒரு பக்கத்துக்கு மூன்று பத்தி, ஒவ்வொன்றிலும் 36 வாய்ப்பு, ஆக 108. இரண்டு பக்கமும் சேர்த்து 216.

இதில் கவனிக்க வேண்டியது, சரிபாதி நேரம் யூக்கரின் அட்டை மேசையிலேயே இல்லாதது போலத்தான். பிட்ச்சர் அட்டை படிக்கப்படும்போது அங்கே நிற்பது யூக்கராக இருந்தாலும் ஹேங்க் ஆரனாக இருந்தாலும், ஹிட் விழுமா விழாதா என்பதில் ஏறக்குறைய ஒன்றுதான்.

1967 நேஷனல் லீக்கின் மொத்த பேட்டிங் சராசரி .249. சாதாரண பிட்ச்சரின் அட்டை அந்த அளவுக்கு ஹிட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் யூக்கர் .150க்கு இறங்கவேண்டும் என்றால், அவர் பக்கத்து அட்டை சுமார் .050தான் தரமுடியும். வாக் (நான்கு தவறான பந்துக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கணக்கை விட்டுவிட்டால், 108 வாய்ப்பில் ஐந்து ஹிட் அளவுக்கு. அதே கணக்கில் டோரியின் அட்டை .305 தரவேண்டும். ஆறு மடங்கு. அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது கண்ணில் அறைவது இந்த ஆறு மடங்குதான்.

ஆனால் பகடை உருட்டத் தொடங்கினால் அது ஆறு மடங்காக வராது. டோரி .277, யூக்கர் .150. ஒரு ஆட்டத்தில் நான்கு முறை பேட் பிடித்தால் வித்தியாசம் அரை ஹிட். கண்ணுக்குத் தெரிவதற்கும் ஸ்கோர் தாளில் விழுவதற்கும் உள்ள இந்த இடைவெளியைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்தே ஹிட் உள்ள அட்டையைப் பார்த்ததும் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள்.

எதிரே யார் வீசுகிறார் என்பதும் அவர் விஷயத்தில் பெரிய மாற்றம் செய்யாது. .200தான் தரும் அருமையான பிட்ச்சருக்கு எதிராக யூக்கர் சுமார் .125. .280 தரும் பலவீனமான பிட்ச்சருக்கு எதிராக .165. இவ்வளவுதான் வீச்சு. ஆகவே "இன்றைக்கு எதிரணியில் கெட்டிக்காரர் வீசுகிறார், யூக்கர் வேண்டாம்" என்று நாள் பார்த்து முடிவெடுப்பதில் பெரிய லாபம் இல்லை. இறக்குவதா இல்லையா என்பதை நம் அணியில் யார் வீசுகிறார் என்பதை வைத்துத்தான் தீர்மானிக்கவேண்டும்.

ஆப்பா என்ற இன்னொரு மேசை ஆட்டத்தை ஆடுபவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. 1951இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் ரிச்சர்ட் சீட்ஸ் தொடங்கிய அந்த ஆட்டத்தில் எப்போதும் பேட்டரின் அட்டையைத்தான் படிக்கிறோம். இரண்டு பகடை, 11 முதல் 66 வரை 36 எண்கள். பிட்ச்சரின் தரம் ஏ, பி, சி, டி என்று இருக்கும். தரம் உயர்ந்தவர் சில ஹிட் எண்களை அவுட்டாக்கிவிடுவார். பாதி நேரம் பிட்ச்சர் அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வசதி யூக்கருக்கு அங்கே கிடையாது. அதே நேரம் வேறொரு வழியில் அவர் அங்கே உதவக்கூடும். ஒன்பது பேரின் ஃபீல்டிங் எண்களையும் கூட்டி, 41 அல்லது அதற்கு மேல் வந்தால் முதல் தரம், 36 முதல் 40 வரை இரண்டாம் தரம், அதற்குக் கீழே மூன்றாம் தரம் என்று அணி முழுவதற்கும் ஒரு தரம் கிடைக்கும். கேட்சர் மாற்றத்தால் ஒரு எண் கூடினாலும், அணி 40இலிருந்து 41க்குத் தாவினால் ஒன்பது பேரின் ஃபீல்டிங்கும் ஒரே நேரத்தில் உயரும். ஆப்பாவில் யூக்கரை இறக்குமுன் அந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள்.

டோரியே எல்லா நாளும்?

வெற்றி எண்ணிக்கை மட்டுமே குறி என்றால் இதுதான் நேர்வழி. ஆனால் டோரி அந்த ஆண்டு ஆடியது 135 ஆட்டம். அதில் பெரும்பாலானவை கேட்சராக, மற்றவை முதல் பேஸில். 162 ஆட்டமும் அவரையே கேட்சராக வைத்தால், நடக்காத ஒரு சீசனைத்தான் ஆடிக்கொண்டிருப்பீர்கள். ஆட்டக்காரர்களின் உண்மையான பயன்பாட்டுக்கு வரம்பு வைத்து ஆடும் குழுக்களில் இதை அனுமதிக்கவும் மாட்டார்கள்.

இதைவிட முக்கியமான காரணம் பாஸ்டு பால். கேட்சர் பிடிக்கத் தவறி, பேஸில் இருக்கும் ரன்னர் முன்னேறினால் அது பாஸ்டு பால். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் விட்டுவிடும் பை ரன் போல. 1967இல் யூக்கர் 27 பாஸ்டு பால் விட்டார். நேஷனல் லீக்கிலேயே அதிகம். அவர் ஆடியதே 80 ஆட்டங்கள்தான், அதிலும் சில பகுதி ஆட்டங்கள். அந்த 27இல் பெரும்பங்கு நக்கிள்பாலால் வந்தது என்பதை அந்தப் பந்தைப் பார்த்த யாரும் மறுக்கமாட்டார்கள்.

இங்கேதான் மேசை ஆட்டம் சறுக்குகிறது. ஸ்ட்ராட்டின் விரிவான விதிகளில் பாஸ்டு பால் எண் கேட்சரின் அட்டையில் அச்சாகிறது, பிட்ச்சரின் அட்டையில் இல்லை. இதன் விளைவு என்ன? ஃபில் வீசும்போது டோரியைக் கேட்சராக நிறுத்தினால், நக்கிள்பால் சாதுவாகிவிடும். டோரியின் நல்ல எண்ணும் ஃபில்லின் 1.87 அட்டையும் சேர்ந்து, வரலாற்றில் யாருக்கும் கிடைக்காத ஒரு ஜோடி உங்களுக்கு இலவசமாகக் கிடைத்துவிடும். மறுபக்கம், பேட் ஜார்விஸோ டெனி லெமாஸ்டரோ வீசும் நாளில் யூக்கரை நிறுத்தினால், நக்கிள்பாலால் அவர் சம்பாதித்த கெட்ட எண் அவர்களுடைய நேர்ப் பந்துகளையும் துரத்தும். இரண்டுமே அநியாயம். முதலாவது உங்களுக்குச் சாதகமான அநியாயம் என்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் மேசையில் இதற்கு ஒரு வீட்டு விதி வைத்திருக்கிறோம். யார் கேட்சராக இருந்தாலும், ஃபில் வீசும்போது யூக்கரின் பாஸ்டு பால் எண்ணைப் பயன்படுத்துவது. வேறு யார் வீசினாலும் டோரியின் எண்ணைப் பயன்படுத்துவது. கச்சிதமான தீர்வு என்று சொல்லமாட்டேன். யூக்கரின் எண்ணில் மற்ற பிட்ச்சர்களின் பந்துகளும் கலந்திருக்கின்றன, ஆகவே ஃபில்லின் நிஜ ஆபத்தை அது கொஞ்சம் குறைத்தே காட்டும். ஆனாலும் பழி போகவேண்டிய இடத்துக்குப் போகிறது. இந்த விதியை வைத்துவிட்டால் டோரி வழியின் பெரிய கவர்ச்சி பாதி போய்விடும்.

இன்னொரு தவறான பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "கேட்சரின் ஃபீல்டிங் எண் முக்கியம், நல்ல எண் உள்ளவரை விடக்கூடாது" என்று சொல்வார்கள். பிட்ச்சர் அட்டையில் ஃபீல்டரைச் சோதிக்கும் வாய்ப்புகள் 108க்கு 30. அதில் ஷார்ட்ஸ்டாப்புக்கு 7, இரண்டாம் பேஸுக்கு 6, கேட்சருக்கு வெறும் 3. அதாவது 216க்கு 3, 72 பேட்டர்களுக்கு ஒரு முறை. கிட்டத்தட்ட இரண்டு ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் அந்த எண்ணைப் பார்ப்பீர்கள். அதைவிட கேட்சரின் கை வலு முக்கியம். 20 முகப் பகடையில் ஒவ்வொரு புள்ளியும் ஐந்து சதவீதம். இரண்டு கேட்சர்களுக்கும் கை எண்ணில் இரண்டு புள்ளி வித்தியாசம் இருந்தால், பேஸ் திருடுகிறவரின் வாய்ப்பு பத்து சதவீதம் மாறும். செயின்ட் லூயிஸ் வரும் நாளில் இதைப் பார்த்தே ஆகவேண்டும். லூ ப்ராக் அந்த ஆண்டு 52 பேஸ் திருடினார். அட்டைகளை எடுத்து இரண்டு கேட்சர்களின் கை எண்ணையும், ரன்னரை பேஸில் கட்டிப்போடும் திறனைக் காட்டும் பிட்ச்சரின் ஹோல்டு எண்ணையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் அந்தத் தொடருக்குப் பட்டியல் எழுதவேண்டும்.

ஆலிவரை வைத்துக்கொண்டால்?

ஜீன் ஆலிவர் சுவையான ஆட்டக்காரர். 1965இல் மில்வாக்கி பிரேவ்ஸின் ஆறு பேர் தலா 20 ஹோம் ரன்னுக்கு மேல் அடித்தார்களே, அந்த ஆறில் அவரும் ஒருவர், 21 அடித்தார். கேட்சர், முதல் பேஸ், அவுட்ஃபீல்டு என்று எங்கே நிறுத்தினாலும் நிற்பார். ஆனால் 1967 அவருக்கும் நல்ல ஆண்டு அல்ல. இரண்டு அணிக்கும் சேர்த்து .220ஐ ஒட்டிய சராசரி, 10 ஹோம் ரன். அட்லாண்டாவில் இருந்தவரை .200ஐக்கூட எட்டவில்லை.

மேலே போட்ட கணக்கில் அவருடைய அட்டை .190 அளவுக்குத் தரும். யூக்கரின் அட்டையைப்போல நான்கு மடங்கு. ஃபில்லின் 20 ஸ்டார்ட்டுகளுக்கு மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்து ஹிட்டுக்குக் குறைவான லாபம். அந்த ஐந்து ஹிட்டுக்காக, நடந்த ஒரு வியாபாரத்தை ரத்து செய்யவேண்டுமா என்பதுதான் கேள்வி. "அந்த ஆண்டு பிரேவ்ஸ் வேறு எப்படி ஆடியிருக்கலாம்" என்று சோதிப்பவருக்கு இது நியாயமான வழி. 77 வெற்றி, 85 தோல்வி, ஏழாவது இடம். ஆரன் 39 ஹோம் ரன்னோடு லீக்கில் முதலிடம், கிளீட் பாயர் 26. இப்படிப்பட்ட பேட்டிங்கை வைத்துக்கொண்டு ஏழாவது இடம் ஏன் என்று யாருக்கும் கை அரிக்கத்தான் செய்யும். அப்படிச் சோதிப்பவர் மாற்றத் தொடங்கவேண்டிய இடம் மாற்று கேட்சர் அல்ல என்பது என் கருத்து. நடந்ததை நடந்தபடி ஆட நினைப்பவருக்கு இந்த வழி தேவையில்லை.

வேறு சீசன் அட்டையைக் கொண்டுவரும் நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 1966 யூக்கரை 1967இல் இறக்கினால் ஆட்டம் கொஞ்சம் இலகுவாகும். ஆனால் அப்படிப் பார்த்தால் டோரிக்கும் .315 அடித்து 36 ஹோம் ரன் எடுத்த 1966 அட்டையைக் கொடுக்கவேண்டும். அப்புறம் அது 1967 அல்ல.

யூக்கரும் ஃபில்லும்

நான் சொல்லும் வழியில் பட்டியல் இப்படி மாறும். யூக்கர் கேட்சர். டோரி முதல் பேஸுக்குப் போகிறார். அங்கே இருந்த ஃபெலிப்பே அலூ அவுட்ஃபீல்டுக்குப் போகிறார். அவர் அந்த ஆண்டு இரண்டு இடத்திலும் ஆடியவர்தான். ரிக்கோ கார்ட்டியோ மேக் ஜோன்ஸோ பெஞ்சில் உட்காருகிறார்.

இந்தச் சங்கிலியைக் கவனிக்காமல் போட்டால் கணக்குத் தப்பாகும். யூக்கர் உள்ளே வரும்போது நாம் இழப்பது டோரியின் பேட்டை அல்ல. டோரி பட்டியலிலேயே இருக்கிறார். இழப்பது கார்ட்டியின் .255ஐ அல்லது ஜோன்ஸின் .253ஐ. வித்தியாசம் சுமார் .105. யூக்கருக்குக் கடைசி இன்னிங்ஸ்களில் மாற்று பேட்டரை அனுப்புவதாக வைத்துக்கொண்டால், ஆட்டத்துக்கு மூன்று முறை என்று 20 ஸ்டார்ட்டுக்கு 60 முறை அவர் பேட் பிடிப்பார். இழப்பு ஆறு ஹிட். அதில் ஒன்று ஹோம் ரன்னாக இருந்திருக்கும். ரன் கணக்கில் ஐந்து ரன்னைச் சுற்றி. பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்ற பழைய கணக்கை எடுத்துக்கொண்டால், முழு சீசனுக்கும் அரை வெற்றி.

பாஸ்டு பால் பக்கம் பார்த்தாலும் பயப்பட ஒன்றும் இல்லை. 20 ஸ்டார்ட்டுக்கு ஏழெட்டு விழலாம். ஒவ்வொன்றும் கால் ரன் என்றால் இரண்டு ரன். வீட்டு விதி வைத்திருந்தால் டோரி நின்றாலும் அதே இரண்டு ரன் போகத்தான் போகிறது.

அரை வெற்றியைக் கொடுத்து என்ன வாங்குகிறோம்? முதலில், டோரியின் பயன்பாடு நிஜத்துக்கு நெருங்கி வருகிறது. முதல் பேஸில் அவர் நின்ற நாட்களும் கணக்கில் வந்துவிடுகின்றன. கார்ட்டி உட்காரும் நாட்களில் அவுட்ஃபீல்டு வலுவாகிறது, ஏனென்றால் கார்ட்டி ஃபீல்டிங்குக்குப் பேர்போனவர் அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சீசனின் உயிர்நாடியான உறவு மேசையில் நடக்கிறது. நக்கிள்பாலை நம்பி வீசச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர் யூக்கர் என்று ஃபில் பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். ரன்னர் மூன்றாம் பேஸில் நிற்கும்போது, பந்து பின்னால் ஓடிவிடும் என்று தெரிந்தும், "வீசு, பிடிப்பது என் பாடு" என்ற நிலையில் ஒரு கேட்சர் உட்காருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பிட்ச்சராக நின்றவர்களுக்குத் தெரியும். 27 பாஸ்டு பால் என்பதை நான் அப்படித்தான் படிக்கிறேன். பந்து தன்னைத் தாண்டிப் போனால் பெயர் கெடுவது தனக்குத்தான் என்று தெரிந்தும் அதையே மறுபடி மறுபடி கேட்டு வாங்கிய ஒருவரின் எண் அது. அவரைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு ஃபில்லின் 1.87ஐ மட்டும் அனுபவிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த வழியில் உண்மையான தொல்லை ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. 1967இல் பிட்ச்சரும் பேட் பிடிக்கவேண்டும். யூக்கர் எட்டாவது, ஃபில் ஒன்பதாவது என்று எழுதினால் அடுத்தடுத்து இரண்டு வெற்று இடம். ஏழாவது பேட்டர் பேஸில் நின்றுகொண்டே இன்னிங்ஸ் முடிவதைப் பார்ப்பீர்கள். சிலர் யூக்கரை ஏழாவதாக ஏற்றி, எட்டாவதில் டெனிஸ் மென்கி போல ஒருவரை நுழைத்து இரண்டையும் பிரிக்கிறார்கள். நான் அதைச் செய்வதில்லை. யூக்கருக்கு ஒரு முறை கூடுதலாக பேட் கிடைப்பதுதான் மிச்சம். இரண்டு வெற்று இடமும் ஒன்றாகவே இருக்கட்டும். ஏழாவது இன்னிங்ஸில் ரன் தேவைப்பட்டால் இரண்டுக்கும் ஒரே மூச்சில் மாற்று பேட்டர் அனுப்பலாம். டிட்டோ ஃபிரான்கோனாவும் சார்லி லாவும் இடதுகைப் பேட்டர்கள், இருவருமே அந்த ஆண்டு நடுவில் அட்லாண்டாவுக்கு வந்தவர்கள். அப்போது டோரி முதல் பேஸிலிருந்து கேட்சராகத் திரும்பலாம், அலூ முதல் பேஸுக்கு வரலாம். கைவசம் இப்படி ஒரு சுற்று இருப்பதால்தான் யூக்கரை இறக்கும் துணிவு வருகிறது. டோரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் இது நடக்காது.

ஃபில் முன்னிலையோடு போய்க்கொண்டிருந்தால் யூக்கரை எடுக்கவே வேண்டாம். ஃபில் அந்த ஆண்டு பத்து ஆட்டங்களைத் தொடக்கம் முதல் முடிவுவரை தானே வீசியிருக்கிறார். முடிக்கும் வரை இருவரும் சேர்ந்தே நிற்கட்டும்.

கடைசியாக, பலர் கேட்கத் தவறும் ஒரு விஷயம். ஃபில் அந்த ஆண்டு இறங்கிய 46 ஆட்டங்களில் 20தான் ஸ்டார்ட், மற்ற 26 ரிலீவராக, அதாவது நடுவில் மாற்றாக வந்து வீசுபவராக. சீசனைத் தொடங்கியதே ரிலீவராகத்தான். எட்டாவது இன்னிங்ஸில் ஃபில் உள்ளே வரும்போது கேட்சராக டோரி இருப்பார். அப்போது யூக்கரையும் கூட அழைப்பதா? இரண்டு ரன்னோ அதற்கு மேலோ முன்னிலை இருந்தால் நான் அழைப்பேன். கார்ட்டியை எடுத்துவிட்டு இரட்டை மாற்றமாகச் செய்யவேண்டும். பிட்ச்சருக்குரிய இடம், கார்ட்டியின் இடம் இரண்டில் எது பட்டியலில் பிந்தி வருகிறதோ அதில் ஃபில்லை எழுதுங்கள், மற்றதில் யூக்கரை. ஒரே ரன் வித்தியாசம் என்றால் டோரியே தொடரட்டும். அந்த நேரத்தில் கார்ட்டியின் பேட் இன்னொரு முறை தேவைப்படக்கூடும். ஜூன் 6க்கு முந்தைய ஆட்டங்களில் இந்தக் கேள்வியே எழாது. அதுவரை யூக்கர் பிலடெல்பியாவின் பெட்டியில்தான் இருப்பார்.